கொடிகளுக்குப் பெயர் தந்தவர்

(இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தமிழ் கற்பிக்கும் ஒருத்தி, தென்னமெரிக்கக் காடுகளில் கொடிகளை ஆராய்ந்த தாவரவியலாளர் ஒருவரைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், "ஏன் அம்மா, முல்லையும் காந்தளும் தீர்ந்துபோயினவா?" என்று கேட்டார். தீரவில்லை. ஆனால் பழைய நூல்களை வகுப்பில் பாடம் சொல்லும்போது, உரைகளிலும் அகராதிகளிலும் "ஒருவகைக் கொடி" என்று மட்டும் பொருள் எழுதி நிறுத்திய இடங்கள் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. எந்த வகை என்று மாணவி கேட்டால் ஆசிரியரிடம் விடை இல்லை. அந்த "ஒருவகை" என்னும் சொல்லோடு வாழ்நாள் முழுவதும் போராடிய ஒருவரின் வரலாற்றைத் தமிழ் படிப்போர் அறிந்துகொள்வது நன்று என எண்ணினேன்.

அவர் பெயர் ஆல்வின் ஜென்ட்ரி. 1945ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பிறந்தார். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை புல்வெளியும் கோதுமையும் பரந்து கிடக்கும் சமநிலம் அது. அங்கே பிறந்தவர், சூரிய ஒளியே தரையைத் தொடாத அடர்காடுகளில் தம் வாழ்வைக் கழித்தார். 1972இல் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அந்நகரின் மிசௌரி தாவரவியல் பூங்காவில் பணியேற்றார். இறுதி வரை அதுவே அவருடைய பணியிடம். அவர் தேர்ந்துகொண்டது பிக்னோனியேசி என்னும் குடும்பம். நம் பாதிரி மரம் அக்குடும்பத்தைச் சார்ந்தது என்றால் உங்களுக்கு நெருக்கம் தோன்றும். ஆயின் நம் நாட்டில் இக்குடும்பத்தார் பெரும்பாலும் மரங்கள். அமெரிக்க வெப்பமண்டலத்திலோ நூற்றுக்கணக்கான வன்கொடிகள். அங்குள்ள தாழ்நிலக் காடுகளில் கொடிகளுள் முதலிடம் இக்குடும்பத்திற்கே.

வன்கொடி என்று நான் சொல்வது நம் வீட்டுப் பந்தலில் படரும் மென்கொடியை அன்று. மரம் போலவே கட்டை வைத்து, சில வேளை மனிதன் துடை அளவு பருத்து, முப்பது மீட்டர் உயரம் ஏறிக் காட்டின் கூரைமேல் இலை விரிக்கும் கொடியை. இதனை வகைப்படுத்துவதில் பெரிய இடர் ஒன்று உண்டு. லின்னேயஸ் காலந்தொட்டுத் தாவரவியலார் பூவையும் கனியையும் கொண்டே இனம் பிரித்து வந்தனர். இக்கொடிகளின் பூவோ கூரைக்கு மேல் மலர்கிறது. கீழே நிற்பவர்க்குக் கிட்டுவது முறுக்கேறிய தண்டு ஒன்றுதான். பழைய தாவரவியலார் பலர், எட்டிய இடத்தில் பூத்தவற்றைப் பறித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுச் சென்றனர். கிடைத்த துண்டுகளைக் கொண்டு ஐரோப்பியத் தொகுப்பகங்களில் அமர்ந்தவர்கள், சிறு வேறுபாட்டிற்கெல்லாம் புதிய பேரினம் படைத்தனர். ஒரே கொடி பல பெயர்களில் உலவியது.

ஜென்ட்ரி பூவை மட்டும் நம்பவில்லை. நீண்ட கழியின் நுனியில் வெட்டுகத்தி பொருத்திய கருவி இத்தகையோர்க்கு உண்டு. நம் ஊர்த் துறட்டியின் உடன்பிறப்பு எனலாம். அதனால் கிளையை இறக்கி, இலையைக் கசக்கி முகர்ந்து, பட்டையைச் சீவி நிறம் பார்த்து, பால் வடிகிறதா என்று நோக்கி இனம் கண்டார். இக்கொடிகளில் பெரும்பாலானவற்றின் இலை எதிரெதிராக அமைந்த கூட்டிலை. மூன்று சிற்றிலைகள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டே இருக்கும். நடுச் சிற்றிலை பற்றுக்கம்பியாக மாறியிருக்கும். அக்கம்பி ஒற்றையா, மூன்றாகப் பிரிந்ததா, கொக்கி உடையதா என்பதெல்லாம் இனம் காட்டும் அடையாளங்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு வியப்பூட்டியது தண்டின் குறுக்குவெட்டு. கொடியைக் குறுக்கே அறுத்தால் கட்டையினுள் நான்கு ஆப்புகள் செருகியது போல ஒரு சிலுவைக்குறி தெரியும். சில இனங்களில் அது எட்டாகும், பதினாறாகும், முப்பத்திரண்டுமாகும். தண்டு பருக்கும்போது அந்நான்கு இடங்களில் மட்டும் கட்டை குறைவாகவும், உணவைக் கடத்தும் மென்திசு மிகுதியாகவும் உண்டாவதே காரணம். வன்மையின் இடையிடையே மென்மை கலந்திருப்பதால், தாங்கும் மரம் சாய்ந்தாலும் கொடி ஒடியாமல் முறுகி நிற்கும். தொல்காப்பிய மரபியல், வயிரம் புறத்தே உள்ளதா அகத்தே உள்ளதா என்று பார்த்துப் புல்லையும் மரத்தையும் பிரித்ததை நாம் அறிவோம். அறுத்துப் பார்த்து அறியும் அந்த நோக்கிலேதான் இதுவும் அமைந்திருக்கிறது. ஆனால் வயிரமும் மென்மையும் மாறி மாறி நிற்கும் இக்கொடியை அவ்விரண்டனுள் எதில் அடக்குவது என்று நம் மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பூக்கும் காலத்தையும் அவர் கணக்கிட்டார். ஒரே காட்டில் பல இனங்கள் ஏறத்தாழ ஒத்த பூக்களோடு, ஒரே தேனீக்களை நம்பி வாழ்வது எவ்வாறு என்பது வினா. சில கொடிகள் நாளொன்றுக்குச் சில பூவாகப் பல திங்கள் பூக்கின்றன. சில, மிகச் சில நாளில் உடல் முழுதும் மலர்ந்து அத்துடன் ஓய்ந்துவிடுகின்றன. இதற்கு அவர் 'பெருவெடிப்பு' என்றே பெயரிட்டார். 1974இல் வெளியான இக்கட்டுரை, பெயரிடுவோரை வெறும் பட்டியல்காரர் என எண்ணுவோர்க்குத் தக்க விடை.

பின்னர் அவர் குடும்பம் ஒன்றை விட்டுக் காடு முழுவதையும் அளக்கத் தொடங்கினார். ஐம்பது மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உடைய பத்துக் கீற்றுகள்; கூட்டினால் எக்டேரில் பத்தில் ஒரு பங்கு. அதனுள் மார்பளவு உயரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் பருமனுக்குக் குறையாத மரம், கொடி அனைத்தையும் எண்ணி இனம் காண வேண்டும். பூ இல்லை என்று எதையும் விட முடியாது. பல நாடுகளில் 226 இடங்களின் கணக்கு இம்முறையில் திரண்டது. மரங்களை மட்டும் எண்ணிக் கொடிகளைப் புறக்கணித்த வழக்கம் இதனால் உடைந்தது. பெரு நாட்டின் இகீட்டோஸ் நகருக்கருகே, ஒரே எக்டேரில் பத்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பருமனுள்ளவற்றில் ஏறத்தாழ 300 இனங்கள் இருப்பதை 1988இல் அவர் வெளியிட்டபோது அறிவுலகம் திகைத்தது. அவர் திரட்டிய உலர்மாதிரிகள் ஏறக்குறைய 80,000. ஆண்டுக்கு மூவாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் அழுத்தி, உலர்த்தி, எண்ணிட்டு, இடம் குறிக்க வேண்டும். நம்மில் ஓலைச்சுவடியோடு பழகியவர்க்கு அந்த உழைப்பின் அருமை தெரியும்.

ஒரு துயரச் செய்தியையும் சொல்ல வேண்டும். எக்வடோர் நாட்டின் மேற்கே சென்டினெலா என்னும் மலைமுகடு உண்டு. ஜென்ட்ரியும் அவர் தோழர் காலவே டாட்சனும் அங்கே ஆய்வு செய்தனர். காடு அழிக்கப்பட்டு வேளாண் நிலமாயிற்று. வேறெங்கும் இல்லாத ஏறத்தாழ 90 தாவர இனங்கள் அத்தோடு மறைந்தன என்று அவர்கள் கருதினர். எட்வர்டு வில்சன் 1992இல் எழுதிய நூலால் அம்முகட்டின் பெயர், எவரும் அறியாமல் நிகழும் அழிவுக்கே குறியீடாயிற்று. ஆனால் 2024இல் வெளியான ஓர் ஆய்வு, அவ்வினங்களுள் ஏறத்தாழ எல்லாமே வேறிடங்களிலும் உள்ளன எனக் காட்டிவிட்டது. சிலர் இதனை ஜென்ட்ரியின் தோல்வியாகப் பேசுவர். நான் அவ்வாறு கருதவில்லை. அன்று அப்பகுதியில் தாவரம் திரட்டியோர் மிகச் சிலர். பிற இடங்களில் தேடப்படாததால் அவ்வினங்கள் அங்கு மட்டுமே உள்ளனவாகத் தோன்றின. அவரும் பிறரும் எண்ணிட்டு வைத்த உலர்மாதிரிகள் தொகுப்பகங்களில் காத்துக் கிடந்ததாலன்றோ பின்வந்தோர் ஒப்பிட்டுத் திருத்த முடிந்தது? மேற்கு எக்வடோரின் காடு பெரும்பகுதி அழிந்தது என்னும் உண்மையும் இத்திருத்தத்தால் மாறிவிடவில்லை.

1993ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3ஆம் நாள், எஞ்சிய காடுகளை வானிலிருந்து பார்வையிடச் சென்ற சிறு விமானம், எக்வடோரின் குவாயாகில் நகருக்கு அருகே மலையில் மோதியது. ஜென்ட்ரியும், பறவைகளின் குரல் கேட்டே இனம் சொல்லவல்ல தியோடோர் பார்க்கரும் மாண்டனர். ஜென்ட்ரிக்கு வயது 48. கொலம்பியா, எக்வடோர், பெரு ஆகிய நாடுகளின் கட்டைத் தாவரங்களைப் பூவின்றியே அடையாளம் காண அவர் எழுதிய கையேடு அதே ஆண்டில் வெளிவந்தது. ஏறத்தாழ 900 பக்கம். முகர்ந்தும் சீவியும் அவர் அறிந்தவற்றுள் எழுத்தில் ஏறியது அதில் உள்ளது. ஏறாதது எவ்வளவு என்பதை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது.

அவர் குடும்பப் பணியைத் தொடர்ந்தவர் பிரேசில் நாட்டுப் பெண்மணி லூசியா லோமான். மரபணுச் சான்றுகளைக் கொண்டு அவர் 2006இல் இக்கொடிகளின் வழிமுறையை வகுத்தார். 2014இல் அவரும் சார்லட் டெய்லர் என்னும் மற்றொரு பெண்மணியும், நாற்பதுக்கும் மேற்பட்ட பேரினங்களாக இருந்தவற்றை 21ஆகச் சுருக்கி, 393 இனங்களை அவற்றுள் அமைத்தனர். ஜென்ட்ரி ஏற்றுக்கொண்ட பேரினங்கள் பல இதனால் மறைந்தன. முன்னோர் பதிப்பைப் பின்னோர் சுவடி கண்டு திருத்துவது போன்றதே இது.

தாவரப் பெயரை எழுதும் மரபில் ஓர் அழகு உண்டு. முதலில் பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள் நிற்பார். பின்னர் வேறு பேரினத்திற்கு மாற்றியவர் வெளியே நிற்பார். மஞ்சள் பூவும், பூனை நகம் போன்ற மூன்று கொக்கியும் உடைய கொடி ஒன்றை நம் தோட்டங்களிலும் வளர்ப்பர். லின்னேயஸ் 1753இல் அந்நகத்தின் பெயரையே அதற்கு இட்டார். ஜென்ட்ரி அதனை வேறு பேரினத்திற்கு மாற்றியதால் அவர் பெயர் வெளியே நின்றது. இன்று அவ்விடத்தில் லோமானின் பெயர். இலையைக் கசக்கினால் வெள்ளைப்பூண்டு மணம் வீசும் ஊதாநிறப் பூக்கொடியும் நம்மூர் மதில்களில் படர்ந்திருக்கக் காணலாம். 'மான்சோவா அல்லியாசியா' என்னும் அதன் பெயரின் இறுதியில் ஜென்ட்ரியே நிற்கிறார். நேரம் கடந்துவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வினாக்கள் இருப்பின் கூட்டம் முடிந்தபின் பேசுவோம்.