டயரை மாற்றினால் வேகமானி பொய்க்கும்
(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஜீப்பின் வேகமானி சாலையை அளப்பதில்லை. பழைய ஜீப்புகளில் அது கியர் பெட்டியினின்று சக்கரங்களுக்குச் செல்லும் தண்டின் சுழற்சியையே எண்ணுகின்றது. சுழற்சிக்கு இவ்வளவு தூரம் என்பது முதலில் பூட்டிய டயருக்கேற்ற கணக்காகும்.

சேற்றுப் பாதைக்கென 28 அங்குல டயரை நீக்கி 31 அங்குல டயரைப் பூட்டினால், மானி 50 கிலோமீட்டர் காட்டும்பொழுது உண்மை வேகம் 55 ஆகும். சிறுவர் நடமாடும் ஊர்த்தெருவில் இவ்வேறுபாடு சிறிதன்று. மேலும், 111 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு 100 என்றே பதிவாகும். டீசல் மிகுதியாகச் செலவானதுபோல் தோன்றி, குற்றமற்ற ஓட்டுநர்மீது பழி விழும்.

முன், பின் அச்சுகளின் பல்விகிதத்தை 4.10-இலிருந்து 4.56-ஆக மாற்றினாலோ, மானி ஏறக்குறைய அதே அளவு மிகையாகக் காட்டும். இரண்டையும் ஒருங்கே மாற்றினால் பிழை பெரும்பாலும் ஈடாகிவிடும்.

ஆதலால், டயர் மாற்றியவுடன் நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களைக் கொண்டு 10 கிலோமீட்டர் ஓட்டி, மானியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு கண்டால், மானியைச் சுழற்றும் சிறு பற்சக்கரத்தை மாற்றச் செய்யுங்கள். அதுவரை வேறுபாட்டைப் பயணப் பதிவேட்டில் குறித்து வையுங்கள். பொதுப்பணத்திற்குச் சரியான கணக்கே காவல் என்று கூறி என் உரையை முடிக்கின்றேன்.