மீன் இல்லாத தொட்டி



1846ஆம் ஆண்டு. டோர்க்கி கடற்கரையிலிருந்து சில பவள உயிர்களைக் கடல்நீரோடு லண்டனுக்குக் கொண்டுவந்தார் அன்னா தின் என்ற பெண்மணி. அவை சாகாமலிருக்க வீட்டுப் பணிப்பெண் திறந்த சன்னலருகே நின்று, அரைமணி முக்கால் மணி நேரம் அந்த நீரை ஆற்றுவாராம், நாம் பால் ஆற்றுவதுபோல. பெயர்கூடத் தெரியாத அந்தப் பணிப்பெண்ணின் கைகளைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஏழாண்டு கழித்து, 1853இல், ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக்காட்சிசாலையில் மீன் இல்லம் திறந்தது. நீரைக் காப்பாற்றும் நுண்ணுயிர்களை வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டியது 1890 வாக்கில்தான்.

அந்த நுண்ணுயிர்களைப் பற்றி எனக்கும் ஒருகாலத்தில் தெரியாது. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்த மூன்றாம் நாளே இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். தண்ணீர் பளிங்குபோல இருந்தது. கடைக்காரரும் விடலாம் என்றார். மறுநாள் மாலை இரண்டும் மேல்மட்டத்தில் வாய் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. விடிந்தபோது மணலில் கிடந்தன.

மீனின் கழிவும் மிச்ச இரையும் அமோனியாவாகும். அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கிய பிறகே மீனுக்கு ஆபத்து வெகுவாகக் குறையும். இரண்டும் பாறையிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நன்றாக ஓடும் பழைய தொட்டியிலிருந்து ஒரு துண்டுப் பாறை கிடைத்தால் அதுவே உறைமோர், நாள் குறையும்.

அடுத்த முறை பொறுத்தேன். லண்டன் குழாய்நீரில் சுண்ணாம்பும் குளோரமைனும் இருப்பதால், ஆர்.ஓ. நீரில் கடலுப்பு கலந்து, அடர்த்தி 1.025, வெப்பம் 25 பாகை என்று வைத்தேன். ஈஸ்ட்ஹாமில் வாங்கிய பச்சை இறால் ஒன்றைத் துணியில் முடிந்து உள்ளே போட்டேன். அது அழுகினால்தான் நுண்ணுயிருக்குச் சோறு. வீடு நாறியது; சன்னலைத் திறந்துவைத்தோம்.

என்னிடமுள்ள சோதனை மருந்தில் அமோனியா இருந்தால் சோதனைக் குழாயிலுள்ள நீர் பச்சையாகும், இல்லையென்றால் மஞ்சள். முதல் வாரம் கரும்பச்சை. பிறகு பச்சை வெளிற, நைட்ரைட் குழாய் கத்தரிப்பூ நிறத்துக்கு ஏறியது. மூன்றாம் வாரம் மணலில் பழுப்புப் பாசி படர்ந்தது. பலர் பயந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். தயவுசெய்து கழுவாதீர்கள். அது தானே போய்விடும்.

ஆறாம் வாரம் அமோனியா குழாய் மஞ்சள், நைட்ரைட் குழாய் வான்நீலம்; இரண்டு நஞ்சும் இல்லை என்று பொருள். சிறிது அமோனியா சேர்த்துப் பார்த்தேன். மறுநாளும் அதே நிறங்கள். சேர்ந்துவிட்ட நைட்ரேட்டைக் குறைக்கப் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, ஒரே ஒரு கோமாளி மீனை விட்டேன். கிடைக்கும் இரைக்குத் தக்கபடிதான் நுண்ணுயிரும் பெருகும் என்பதால், அதன் துணையை மேலும் மூன்று வாரம் கழித்தே கொண்டுவந்தேன்.