ஏரியும் தூண்டிலும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள் இதய நலம், ஓய்வூதியம் என்று உருப்படியான விஷயங்களைப் பேசினார்கள். நான் பேசப் போவது தூண்டில் போடுவதைப் பற்றி. "பத்து நிமிஷம்தான், மீன் மாட்டினாலும் சரி, மாட்டாட்டியும் சரி" என்று செயலாளர் கறாராகச் சொல்லியிருக்கிறார். ஆகவே நேராக ஏரிக்குள் இறங்கிவிடுகிறேன்.

நான் குடியிருப்பது அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பம். ஒரு பக்கம் புழல் ஏரி, இன்னொரு பக்கம் கொரட்டூர் ஏரி, கொஞ்சம் தள்ளிப் போனால் அம்பத்தூர் ஏரி. அமெரிக்காவில் குடியேறிய நம் வகுப்பு நண்பர் ஒருவர் வந்திருந்தபோது, அங்கே 'பாஸ்' என்ற மீனைப் பிடிப்பவர்கள் ஏரியின் அடித்தரையைப் படம் போட்டுப் படிக்கிறார்கள் என்றார். தரை நாக்கு மாதிரி தண்ணீருக்குள் நீண்டிருக்கும் இடத்தை 'பாயிண்ட்' என்கிறார்களாம். நாங்கள் அதை 'மூக்கு' என்போம். அந்த பாஸ் மீனின் வேலையை நம் ஊரில் செய்வது விரால். பதுங்கியிருந்து பாயும் மீன். பெயர்தான் வேறு, பாடம் ஒன்றுதான்.

முதலில் நம் ஏரியின் அமைப்பைப் பார்ப்போம். எங்கள் வட்டாரத்தில் நிலம் மேற்கே உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. அந்தச் சரிவை மறித்து நம் முன்னோர் கரை போட்டார்கள். அதனால் ஆழம் ஏரியின் நடுவில் இருக்காது, கரையை ஒட்டித்தான் இருக்கும். எதிர்ப்பக்கம் போகப் போகத் தரை மெல்ல ஏறி, கடைசியில் மாடு மேய்கிற புல்தரையாகிவிடும். புழல் ஏரியின் முழுக் கொள்ளளவு 3300 மில்லியன் கன அடி. இவ்வளவு பெரிய ஏரிக்கு முழு ஆழம் எவ்வளவு தெரியுமா? 21 அடிதான்! நம் ஏரிகள் கிணறு அல்ல, அகலமான தாம்பாளம். தாம்பாளத்தில் ஓரடி மேடு பள்ளம்கூட மீனுக்குப் பெரிய விஷயம்.

மீன் நிற்கிற இடங்களைச் சொல்கிறேன். ஒன்று, மதகு. தண்ணீர் வெளியே போக வேண்டுமென்றால் அது தாழ்வான இடமாகத்தானே இருக்க வேண்டும்? கோடையில் தண்ணீர் இறங்க இறங்க மீனெல்லாம் அந்தப் பக்கம் ஒதுங்கும். இரண்டு, வரத்துக் கால்வாய். அது ஏரியில் நுழைந்ததும் முடிந்துவிடுவதில்லை, தண்ணீருக்கு அடியிலும் பள்ளமாக ஓடுகிறது. அதுதான் மீன்களுக்கு நெடுஞ்சாலை. மூன்று, கரையில் பதித்த கருங்கல். அதன் சந்துகளில் ஜிலேபிக் கெண்டையும் குறவையும் இருக்கும். நான்கு, நம்முடைய மூக்கு. ஆழத்தில் இருக்கிற மீன் காலையிலும் மாலையிலும் இரை தேடி மேட்டுக்கு வரும்போது இந்த நாக்கின் ஓரமாகத்தான் ஏறும். நாணலோ சம்போ அங்கே முளைத்திருந்தால் விரால் அதற்குள் மறைந்து நிற்கும். ஆகவே மூக்கின் உச்சியில் உட்கார்ந்து நடு ஏரிக்கு வீசாதீர்கள். பக்கவாட்டில், மேடு பள்ளமாக மாறுகிற விளிம்பில் தக்கையை நிறுத்துங்கள்.

ஆழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி எதுவும் வேண்டாம். கரைச் சரிவைப் பாருங்கள். அது தண்ணீருக்குள்ளும் கொஞ்ச தூரம் அதே சாய்வில்தான் போகும். பறவையைப் பாருங்கள். கொக்கு நிற்கிற இடம் முழங்காலுக்குக் கீழே. நீர்க்காகம் முங்குகிற இடம் ஆழம். அப்புறம், நூலில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஈயத்தைக் கட்டி வீசி, எத்தனை முடிச்சு முழுகுகிறது என்று எண்ணுங்கள். காற்றையும் மறக்கக் கூடாது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது பூச்சியும் நுரையும் கிழக்குக் கரையில் சேரும், இரை தேடும் சின்ன மீனும் அங்கே சேரும், அதைத் தின்ன விராலும் வரும். பிற்பகலில் கடல் காற்று எழும்பினால் கதை தலைகீழ்.

இதையெல்லாம் நான் சரிபார்த்தது 2019-ஆம் ஆண்டு கோடையில். சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றோமே, அந்த வருஷம். எல்லாரும் வேதனையோடு பார்த்த வெடித்த தரையில் நானும் நோட்டுப் புத்தகத்தோடு நடந்தேன். பழைய வாய்க்காலின் தடம், மூக்கின் விளிம்பு, மதகுக்கு முன்னால் உள்ள தாழ்வு, எல்லாம் உள்ளங்கை ரேகை மாதிரி தெரிந்தது.

அப்போது பார்த்த இன்னொன்றைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல வந்தேன். சம தரையாகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று செங்குத்தாக ஒரு குழி. மண் வெட்டி எடுத்த இடம். ஏரி நிரம்பினால் மேலே ஒன்றும் தெரியாது. ஒரு காலடியில் முழங்கால் தண்ணீர், அடுத்த காலடியில் தலைக்கு மேல். கோடை விடுமுறையில் குளிக்கப் போன பிள்ளைகள் ஏரியில் மூழ்கினார்கள் என்று செய்தி படித்து உச்சுக் கொட்டுகிறோமே, அதில் பல இந்த மாதிரிக் குழிகள்தான். மீனுக்கு ஒதுங்க இடம் கொடுக்கிற அதே விளிம்பு பிள்ளையின் உயிரைக் குடிக்கிறது. ஏரியைப் படிக்கத் தெரிவது பொழுதுபோக்கு மட்டும் இல்லை, ஐயா.

இன்னொரு பக்கமும் உண்டு. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து ரெட்டேரிக்கு என்று சங்கிலியாகப் போகும். இடையில் கால்வாயை அடைத்து வீடு கட்டினால், அல்லது குப்பை கொட்டி மேடாக்கினால், தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி நம் வாசலுக்கு வரும். 2015 டிசம்பரில் நாம் அதைப் பார்த்தோம். சாக்கடை கலந்தாலோ முதலில் கெண்டை போகும். விரால் மேலே வந்து காற்றைக் குடித்துக் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். ஆகவே "மீன் இருக்கே, தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று ஏமாறக் கூடாது.

தூண்டில் போட விரும்பும் நண்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். குடிநீர் ஏரியிலும் குத்தகை விட்ட ஏரியிலும் அனுமதி கேட்டுத்தான் உட்கார வேண்டும். அது மீனவர்களின் பிழைப்பு. மழைக்காலத்தில் தண்ணீர் மேல் செந்நிறத்தில் சின்னக் குஞ்சுகள் கும்பலாகத் துள்ளினால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று பொருள். அந்தச் சமயத்தில் வீசினால் விரால் சுலபமாக மாட்டும். ஆனால் காவல் போய்விட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. தயவு செய்து தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் போங்கள்.

நண்பர்களே, நம்மில் பலருக்குச் சொந்த ஊரில் ஓர் ஏரியோ குளமோ இருக்கிறது. வருகிற கோடையில் பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அது வற்றிக் கிடக்கும்போது ஒரு நடை நடந்து பாருங்கள். மதகு எது, கலங்கல் எது, குழி எது என்று அவர்கள் கையாலேயே படம் போடச் சொல்லுங்கள். குழி இருந்தால் ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ எழுதிக் கொடுத்து, எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லுங்கள். மீன் மாட்டுகிறதோ இல்லையோ, ஒரு பிள்ளை பத்திரமாகக் கரையேறினால் அதுவே போதும்.

பத்து நிமிஷம் ஆகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.