ஈழத்து மண்வகைகளும் கவிதையும்



ஈழத்துக் கவிதையில் மிகுதியாக ஆளப்பட்ட சொற்களுள் ஒன்று 'மண்'. தாய்மண், பிறந்த மண், மண்வாசனை என அது பெருகிக்கொண்டே செல்கின்றது. ஆயின் எந்த மண் என்று வினவினால் கவிதை பெரும்பாலும் விடை கூறுவதில்லை. உழவர் வாயிலோ அச்சொல் தனித்து நிற்பதில்லை. செம்பாடு, இருவாட்டி, களி, கலட்டி, தரவை எனப் பெயர் சுட்டியே அவர்கள் பேசுவர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்பாடு முதலில் நோக்கத்தக்கது. சுன்னாகம், உரும்பிராய்ப் பகுதித் தோட்டங்களில் காணப்படும் இம்மண் சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. இரும்பு ஒக்சைட்டே அதன் செந்நிறத்துக்குக் காரணம். நீரைத் தன்னிடம் நெடிது தேக்கி வைக்கும் இயல்பு அதற்கில்லை. பெய்த மழை விரைந்து கீழிறங்கிக் கல்லிடுக்குகளில், உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீராகத் தங்குகின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டுக்குக் கிணறே உயிர்.

செம்பாட்டின் வளமோ தானாக வாய்த்ததன்று. பூவரசங் குழை தாழ்த்தும் மாடுகளைப் பட்டியடைத்தும் தலைமுறைகள் ஊட்டிய வளம் அது. குழை குறைந்து யூரியா மிகுந்தபோது, நீரை விரைந்து இறக்கும் அதே இயல்பு வினையாயிற்று. பல கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கு வகுக்கப்பட்ட லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டின. செம்பாட்டின் நிறத்தைப் பாடும் கவிஞர் அக்கிணற்றையும் எட்டிப் பார்த்தல் வேண்டும்.

மன்னார் முருங்கனின் கருங்களி இதற்கு நேர்மாறானது. ஈரத்தில் பொங்கிக் காலைப் பற்றும். கோடையில் ஆழ வெடிக்கும். கட்டுக்கரைக் குளத்து நீரால் நெல் விளையும் நாடு அது. முருங்கன் களி காங்கேசன்துறைக்குச் சென்று, அங்குள்ள சுண்ணக்கல்லோடு கலந்து சீமெந்தாயிற்று. 1950இல் தொடங்கிய அந்த ஆலை 1990இல் ஓய்ந்தது. அதே ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்களும் தம் செம்பாட்டுத் தோட்டங்களை விட்டு இடம்பெயர்ந்தனர். 2009க்குப் பின்னர் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டபோது, வேலியழிந்த நிலத்தில் தம் எல்லையைக் கண்டறிவதே பலருக்குப் பெரும்பாடாயிற்று.

கிழக்குக் கரையின் மணலும் ஆற்று வண்டலும் தனியோர் உரைக்குரியன.

மலையகத்து மண் வேறு. மழை மிகுந்த சரிவுகளில் சுண்ணச்சத்துக் கழுவப்பட்டுப் புளிப்பேறியது அது. தேயிலைக்கு உகந்ததும் அப்புளிப்பே. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியபின் தேயிலை மலையெங்கும் பரந்தது. காடழிந்த சரிவுகளின் மேல்மண் ஆற்றோடு போயிற்று. அதைத் தடுக்கக் கான் வெட்டியும் கல்லடுக்கியும் உழைத்தோர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரே. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் குடியுரிமை அற்றோராக்கியது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது கிட்டியது. காணியுரிமை பெரும்பாலோருக்குக் கிட்டவில்லை. அவர்களுள் ஒருவர் 'என் மண்' என்று எழுதும்போது, லயத்து முன்றிலில் மரக்கறி நட்ட சில அடி நிலத்தையே கருதியிருக்கலாம். அந்நிலமும் தோட்டத்துக்குரியது.