அடுப்படியில் மலர்ந்த வாழ்வு



உழைப்பால் உயர்ந்த ஒருவரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் சென்னையில் உட்லண்ட்ஸ் உணவுச்சாலையை நிறுவிய கே. கிருஷ்ணராவ்.

உடுப்பிச் சீமையில் வறிய குடும்பமொன்றிற் பிறந்த அவருக்குப் பெரிய படிப்பு வாய்க்கவில்லை. மடத்துச் சமையற்கட்டிலும், பின்னர் சென்னைச் சிற்றுண்டிச்சாலையிலும் எடுபிடியாக உழைத்தார். அடுப்படியே அவருக்குக் கல்லூரியாயிற்று. ஆச்சாரப்பன் தெருவிற் சிறு கடை, மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ் எனப் படிப்படியாக ஏறினார். 1938இல் இராயப்பேட்டையில் இராமநாதபுரம் அரசருக்குரிய மாளிகையைக் குத்தகைக்கு எடுத்து, உட்லண்ட்ஸைத் தொடங்கினார். 1962இல், காரில் இருந்தபடியே இட்டலியும் தோசையும் உண்ணத்தக்க 'டிரைவ்-இன்' உணவுச்சாலையும் எழுந்தது. அது 2008இல் மூடப்பட்டது; அங்கே இன்று செம்மொழிப் பூங்கா இருக்கின்றது. கட்டடம் போகலாம், மரக்கறி உணவுக்கு அவர் தேடித் தந்த மதிப்புப் போகவில்லை.

இனி நம்மைப் பார்ப்போம். திருவிழா அன்னதானத்திற் பந்தியிலே பரிமாற நம்மிற் பலர் முந்துகின்றோம். கிடாரம் கழுவ எத்தனை பேர் நிற்கின்றோம்? உத்தியோகம் வரும்வரை ஆண்டுக்கணக்கிற் காத்திருப்போம்; கரண்டி பிடிக்க மட்டும் நாணுவோம். பசித்தவனுக்குச் சோறாக்கும் கை எப்படித் தாழ்ந்த கையாகும்?

பெரியோர்களே, அடுப்படிக்குப் போகும் பிள்ளையை இகழாதீர்கள். இளைஞர்களே, வரும் திருவிழாவில் நாம் முதலில் கிடாரத்தடிக்குப் போவோம். பந்திக்குப் பிறகு வருவோம்.