கீழ்ச்சுவர் சொல்லும் பாடம்

(ஜூபிலி ஆயத்தக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலியை முன்னிட்டு நம் ஆலயத்தின் உட்சுவரில், தரையிலிருந்து நான்கடி உயரத்துக்குப் பளிங்குக் கல் பதித்து, உபயம் தந்தோரின் பெயர்களை அதில் பொறிக்க வேண்டுமென்று பலர் கேட்கிறீர்கள். அதைக் குறித்துச் சில வார்த்தைகள்.

புனித அந்தோனியாரின் கல்லறை உள்ள பதுவை நகரை அறிவீர்கள். அதே நகரில் ஸ்க்ரொவேஞி சிற்றாலயம் உண்டு. கட்டியவர் என்ரிக்கோ என்னும் செல்வர். அவருடைய தந்தை வட்டியால் பொருள் சேர்த்தவர். அக்குடும்பச் சின்னத்தைச் சுமந்த வட்டிக்காரன் ஒருவனை மகாகவி தாந்தே தம் காவியத்தில் நரகத்தில் உட்கார வைத்தார். அச்சிற்றாலயம் 1305-ம் ஆண்டு மங்கள வார்த்தைத் திருநாளன்று நேர்ந்தளிக்கப்பட்டது. ஓவியர் ஜொத்தோ.

மேல்வரிசைகளில் தேவதாயின் சரித்திரமும் ஆண்டவரின் சரித்திரமும். கீழ்ச்சுவரிலோ, பளிங்குப் பலகை பதித்ததுபோல் வண்ணத்தாலேயே தீட்டி, இடையிடையே சாம்பல் நிறக் கற்சிலைகள்போல் 14 உருவங்களை வரைந்தார். பீடத்தை நோக்கி நின்றால் வலப்புறம் ஏழு புண்ணியங்கள். இடப்புறம் அவற்றுக்கு நேர் எதிரே ஏழு தீக்குணங்கள். நீதிக்கு எதிரே அநீதி. நம்பிக்கைக்கு எதிரே அவநம்பிக்கை.

பிறரன்பின் ஒரு கையில் கனிகள் நிறைந்த கூடை, மறு கையில் இறைவனுக்கு உயர்த்திய இதயம், காலடியில் பணமூட்டைகள். எதிரே காய்மகாரம் நெருப்பில் நிற்கிறது. கையில் பணப்பையை இறுகப் பிடித்திருக்கிறது. அதன் வாயிலிருந்து புறப்படும் பாம்பு திரும்பி அதன் கண்களையே தாக்குகிறது! மேலே ஆண்டவரின் வாழ்வு. நம் கண்ணுக்கு நேரே, தோள் உரசும் இடத்தில், நம் வாழ்வு.

உபயகாரரின் உருவம் அங்கே இல்லையா? உண்டு. வாயில் சுவரிலுள்ள பொதுத்தீர்வைக் காட்சியில், முழந்தாளிட்டு ஆலயத்தைக் கையளிப்பவராக என்ரிக்கோ இருக்கிறார். கொடுத்தவனும் தீர்வைக்கு உட்பட்டவன்தானே!

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். இளங்குருவாக நான் பணியாற்றிய ஒரு பங்கில் இப்படித்தான் பெயர்க்கல் பதித்தோம். 5,000 ரூபாய்க்குக் குறைந்தால் பெயர் இல்லை என்று விதித்தவன் நானே. யார் பெயர் பீடத்துக்கு அருகில் என்று இரு குடும்பங்களுக்குள் மனத்தாங்கல் வந்தது. திருப்பலியில் சமாதானம் சொல்வதும் நின்றது. கூடை சுமந்து மீன் விற்று 200 ரூபாய் தந்த ஒரு பாட்டி, "சாமி, என் பேரு ஆண்டவருக்குத் தெரியுமில்ல?" என்று மட்டும் கேட்டார். நான் தலைகுனிந்தேன். காய்மகாரத்தை ஆலயச் சுவரில் நானே பதித்துவிட்டேன். வண்ணத்தால் அல்ல, பெயர்களால்.

ஆகவே, அன்புக்குரியவர்களே, கல் பதிப்போம். அது அழகாகவும் இருக்கட்டும். ஆனால் ஒரு பெயரும் வேண்டாம். சுவரோரம் அமர்கிறவர் எவராயினும், 'இது என் ஆலயம்' என்று சாய்ந்துகொள்ளட்டும். பெயர்களை எழுத இறைவனிடம் வேறு ஏடு இருக்கிறது.

இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக!