மணிக்கட்டில் ஓர் அளவுகோல்



புல்மோட்டை என்றதும் அவ்வூரை அறிந்தவர்கள் நினைவில் முதலில் தோன்றுவது அதன் மணல்தான். திருகோணமலையிலிருந்து வடக்கே, நிலாவெளி, குச்சவெளி என்று கடலை ஒட்டியே சென்று, யான் ஓயாவையும் கடந்தால், ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவில் அவ்வூர் வரும். அதற்கும் அப்பால் கொக்கிளாய்க் களப்பு. அங்கே கடற்கரை கருமை படர்ந்து கிடக்கும். இல்மனைற்று, ரூட்டைல், சிர்க்கோன் ஆகிய கனிமங்கள் அம்மணலில் செறிந்திருப்பதே காரணம். அதனை அகழ்ந்து பயன்கொள்ளவென்றே 1957ஆம் ஆண்டில் அரசாங்கம் ஒரு கூட்டுத்தாபனத்தை நிறுவியது. அம்மணலைப் பற்றி இன்று நான் பேசப் புகவில்லை. அதன்மீது காலை வேளையில் ஓடிய ஒரு மாணவனையும், அவன் கையில் கட்டியிருந்த கடிகாரத்தையும் பற்றியே பேச விரும்புகிறேன்.

நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியனாக இருந்தவன் நான். எங்கள் காலத்தில் ஓடும் பிள்ளைக்குத் தூரம் காட்டியது வீதியோரக் கட்டைதான். மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என்று தூரமே ஊருக்குப் பெயராகி நிலைத்த மாவட்டம் அல்லவா நமது! ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு ஓடுவோம். ஒருவர் நின்று மணிக்கூட்டைப் பார்ப்பார். அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம். இன்றோ, கட்டாரில் தொழில் புரியும் நானா அனுப்பிய ஜி.பி.எஸ். கைக்கடிகாரத்தை அணிந்துகொண்டு ஒரு பதினேழு வயதுப் பையன் கடற்கரைக்கு வருகிறான். எத்தனை மீற்றர் ஓடினான், என்ன வேகம், இதயம் எத்தனை முறை துடித்தது என்பதெல்லாம் அவன் மணிக்கட்டில் தெரிகின்றன. விலையும் சாமானியமன்று. ஓர் ஆசிரியரின் ஒரு மாதச் சம்பளத்தை அது விழுங்கிவிடும்.

அந்தப் பையன் ஒருநாள் என்னிடம் முகம் வாடி வந்தான். "சேர், எனக்குச் சக்தி குறைந்துபோயிற்று. போன கிழமை வீதியில் ஒரு கிலோமீற்றரை ஐந்து நிமிடத்தில் ஓடினேன். இந்தக் கிழமை ஆறரை நிமிடம் காட்டுகிறது" என்றான். எங்கே ஓடினாய் என்று கேட்டேன். மணலில் ஓடியிருக்கிறான்! கடிகாரத்துக்குத் தூரம் தெரியும், நேரம் தெரியும். காலடியில் கிடப்பது தாரா மணலா என்பது தெரியாது. தளர்ந்த மணலில் ஓடுவதற்கு, அதே வேகத்தில் கெட்டித் தரையில் ஓடுவதைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகிறது என்று 1998ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு அளந்து கூறியிருக்கிறது. நடப்பதென்றால் இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே அவன் தளரவில்லை. உண்மையில் முன்னைவிடக் கடுமையாக உழைத்திருக்கிறான். இதனை நான் விளக்குவதற்குள் காலம் கடந்துவிட்டது. மூன்று கிழமையாக அந்த ஐந்து நிமிடத்தை மணலில் எட்டிப் பிடித்துவிட வேண்டுமென்று ஓடியதில் கெண்டைக்கால் நரம்பு பிசகி, மாகாணப் போட்டிக்கு அவனால் போக முடியவில்லை. இத்தனைக்கும் கடிகாரம் பொய் சொல்லவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இக்கருவி தூரத்தை எப்படி அறிகிறது? பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில், குறைந்தது 24 அமெரிக்கச் செய்மதிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. முதலாவது செய்மதி 1978இல் ஏவப்பட்டது. முழு அமைப்பும் 1995இல் நிறைவுற்றது. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது. "இப்பொழுது மணி இது, நான் நிற்பது இந்த இடத்தில்" என்று அவை ஓயாது வானொலி அலையில் அறிவித்த வண்ணம் இருக்கின்றன. நீங்கள் இப்பொழுது என் குரலைக் கேட்பதும் வானொலி அலையின் உதவியால் தானே! அந்த அறிவிப்பு நமது மணிக்கட்டை வந்தடைய ஒரு செக்கனில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் செல்கிறது. அத்தாமதத்தை அளந்தால் செய்மதியின் தூரம் கிடைக்கும். மூன்று செய்மதிகளின் தூரம் தெரிந்தால் இடம் தெரியும். கைக்கடிகாரத்தின் நேரப்பிழையைத் திருத்திக்கொள்ள நான்காவது ஒன்றும் வேண்டும். நேரக் கணக்கில் பத்து இலட்சத்தில் ஒரு செக்கன் பிசகினால், தூரக் கணக்கில் 300 மீற்றர் பிசகும். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை இங்கே வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. உயரத்திலுள்ள கடிகாரம் தரையிலுள்ளதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோசெக்கன் விரைந்து ஓடுகிறது. அதனைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும். ஒரு காலத்தில் பொதுமக்களுக்குக் கிடைத்த அலையில் அமெரிக்க அரசாங்கம் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. இடம் நூறு மீற்றர் வரை தவறிக் காட்டும். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அதனை நீக்கினார்கள். அதன் பின்னரே இக்கருவி ஓட்டக்காரனின் கைக்கு ஏற்றதாயிற்று. இன்று ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் செய்மதிகளையும் நல்ல கடிகாரங்கள் சேர்த்துக் கேட்கின்றன.

"இந்த மணலிலே காந்தம் ஒட்டுகிறதே சேர், அதனால் கடிகாரம் குழம்புமா?" என்று அந்தப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. இல்மனைற்றைப் பிரித்தெடுப்பதே காந்தத்தினால் தான். ஆயினும் கீழே கிடக்கும் மணல் மேலிருந்து வரும் அலையைத் திருப்பிவிடாது. நமக்குரிய இடர் வேறிடத்தில் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம் நாட்டுக்கு மிக அண்மையில் செல்கிறது. 1963 நவம்பரில் இந்தியா தனது முதல் ஆராய்ச்சி ராக்கெற்றை ஏவுவதற்குக் கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தது இக்காந்தக் கோட்டை முன்னிட்டே. இக்கோட்டை ஒட்டிய வானின் மேலடுக்கில், மின்னேற்றம் பெற்ற பகுதி, சூரியன் மறைந்த பின் நள்ளிரவு வரை கொந்தளிப்பதுண்டு. பங்குனி, சித்திரையிலும், புரட்டாதி, ஐப்பசியிலும், சூரியனில் கரும்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளிலும் இது அதிகம். அப்பொழுது செய்மதியின் அலை நட்சத்திரம் மினுங்குவது போல் மங்கியும் தெளிந்தும் வரும். சில வேளை அறுந்தும் போகும். ஆகவே, நம் பகுதியில் மாலை மயங்கியபின் ஓடுபவரைவிட, சுபஹுத் தொழுகை முடித்துக் கிழக்கு வெளுக்கும்போது ஓடுபவருக்குக் கடிகாரம் ஓரளவு நேர்மையாக இருக்கும்.

வெட்டவெளியான கடற்கரையில் இடம் மூன்று முதல் ஐந்து மீற்றர் வரை தவறக்கூடும். மரச்செறிவிலும், உயர்ந்த கட்டடங்களின் இடையிலும் அலை மோதித் திரும்பி வருவதால் பிழை பெருகும். இச்சிறு பிழைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்று நாம் நினைப்போம். அவ்வாறன்று. நேராக ஓடியவனின் தடத்தை இடமும் வலமும் சிறிது வளைத்துப் புள்ளியிட்டுக் கூட்டினால், அது நேர்கோட்டைவிட நீளமாகத்தானே இருக்கும்? போட்டிகளில் "தூரம் கூடுதலாக அளந்துவிட்டார்கள்" என்று கடிகாரத்தைக் காட்டிச் சண்டைக்கு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். மரதன் பாதையை அளப்பது சைக்கிள் சக்கரத்தில் பொருத்திய எண்ணியைக் கொண்டு, வளைவுகளில் மிகக் குறுகிய வழியைப் பின்பற்றி. அதிலும் குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டியே வைக்கிறார்கள். செய்மதியை நம்பி அந்தச் சைக்கிள்காரரைப் பழிக்கக் கூடாது.

இவ்வளவும் கேட்டபின், வேண்டாம் இந்தக் கருவி என்று நான் சொல்லப்போவதாக எண்ணிவிடாதீர்கள். மைதானமும் பயிற்றுநரும் இல்லாத ஊரில் தனியே பழகும் பிள்ளைக்கு இது பெரிய துணை. இளம் ஓட்டக்காரர் செய்யும் பெரும்பிழை, முதற் கிலோமீற்றரில் பாய்ந்து கடைசியில் தள்ளாடுவது. எத்தனை முறை வாயால் சொன்னாலும் கேளாத பிள்ளை, மணிக்கட்டில் எண்ணைக் கண்டதும் அடங்குகிறான். நேற்றுச் செய்ததும் போன மாதம் செய்ததும் குறிப்பாக இருப்பதால், பயிற்சியைத் திடீரென்று இரட்டிப்பாக்கும் அவசரமும் குறையும். இதயத்துடிப்பைக் காட்டுவதும் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றதே. புழுக்கமான நாளில் வேகம் குறைந்திருக்க, துடிப்பு ஏறியிருக்கும். அந்தப் பையன் அன்று வேகத்தைப் பாராமல் துடிப்பைப் பார்த்திருந்தால், தான் எவ்வளவு பாடுபடுகிறான் என்பதை அறிந்திருப்பான்.

துடிப்பின் கணக்கிலும் எச்சரிக்கை வேண்டும். தோலின்மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி, குருதியோட்டத்தால் அது மாறுவதைக் கொண்டே கருவி துடிப்பை எண்ணுகிறது. வார் தளர்ந்தால் எண்ணிக்கை கெடும். 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கூறும் வாய்பாடும் தோராயமானதே. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடியும் குறைந்தும் இருக்கும். எரித்த கலோரிக் கணக்கையோ நம்பவே வேண்டாம். 2017ஆம் ஆண்டில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, துடிப்பை ஆறு கருவிகள் ஓரளவு சரியாகவே காட்டின. கலோரிக் கணக்கிலோ, அவற்றுள் மிகச் சிறந்ததே 27 வீதம் தவறியது. அந்த எண்ணை நம்பி இன்னுமொரு பராட்டா உண்பவர் தம்மைத் தாமே ஏமாற்றுகிறார்.

கடிகாரத்தோடு ஓடுவது புதுமையுமன்று. பின்லாந்தின் பாவோ நூர்மி கையில் நிறுத்துக் கடிகாரத்தை ஏந்தியே ஓடுவார். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 1,500 மீற்றர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றுக்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் புல்வெளியில் எறிந்தார், வென்றார். அதே நாளில், சிறிது நேரத்துக்குள்ளேயே, 5,000 மீற்றரிலும் வென்றார். 1960இல் ரோம் மாநகரில் எதியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடி மரதனை வென்றது எல்லோரும் அறிந்ததே. நூர்மி கடிகாரத்தைப் பார்த்துப் பழகியிருந்த படியாலன்றோ, எறியும் வேளையையும் அறிந்திருந்தார்?

பெற்றோர் சிந்திக்க வேண்டிய ஒன்றும் உண்டு. கடிகாரம் எழுதிய தடத்தைப் பலர் கைப்பேசி வழியே உலகுக்கே வெளியிடுகிறார்கள். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்னும் நிறுவனம் அத்தகைய தடங்களையெல்லாம் சேர்த்து ஓர் உலகப் படமாக வெளியிட்டது. பாலைவனங்களில் இருந்த இராணுவ முகாம்களின் எல்லைகள் அதில் ஒளிக்கோடுகளாகத் தெரிவதை 2018 சனவரியில் ஓர் அவுஸ்திரேலிய மாணவர் எடுத்துக்காட்டினார். வீரர்கள் உடற்பயிற்சிக்காக முகாமைச் சுற்றி ஓடியதே காரணம். முகாமின் கதை இவ்வாறென்றால், நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே வழியில் தனியே ஓடும் பெண்பிள்ளையின் வீடு எங்கே என்பதை அறிவது எவ்வளவு எளிது! தடத்தை மறைத்து வைப்பதற்கும், வீட்டருகேயுள்ள பகுதியை மட்டும் அழித்துக் காட்டுவதற்கும் இக்கருவிகளில் வழியுண்டு. வாங்கிய முதல் நாளே அதைச் செய்துவிட வேண்டும். கடற்கரையில் ஓடினால் உப்பு நீரையும் மணலையும் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும் என்பதையும் இத்துடன் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

நமது மாணவனின் கால் ஆறிவிட்டது. இப்பொழுது வீதியில் ஓடும் நாட்களில் கடிகாரத்தை அணிகிறான். மணலில் ஓடும் நாட்களில் உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒருநாள் அவர் அதை விளையாட்டாகக் கையில் கட்டிக்கொண்டு துருவலையில் தேங்காய் துருவியிருக்கிறார். பையன் திரும்பி வந்து பார்த்தபோது, இருந்த இடத்தைவிட்டு எழும்பாத உம்மா சில நூறு அடிகள் நடந்ததாகக் கடிகாரம் கணக்கு எழுதி வைத்திருந்ததாம்.